வள்ள நீலத்தில் ஒரு கார்

என்னிடம் இரண்டே இருக்கை உள்ள ஒரு பழைய கார் இருக்கிறது. கூரை துணி, உடம்பு ஃபைபர். நம் நாட்டிலேயே கொஞ்ச காலம் செய்து, வாங்க ஆளில்லாமல் நிறுத்திவிட்ட ஸ்போர்ட்ஸ் வண்டி. பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்காரரின் ஷெட்டில், ரப்பர் ஷீட் உலர்த்தும் கம்பிகளுக்குக் கீழே கிடந்தது. அவருடைய மகன் ஆசைப்பட்டு வாங்கி, வெளிநாட்டுக்குப் போகும்போது போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போயிருக்கிறான். நான் பார்க்கப் போனபோது ஓட்டுநர் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சு பொரித்து இறங்கும்வரை வண்டியைத் தொடக் கூடாது என்று அந்த வீட்டம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விலை பேசி முடித்த பிறகும் ஒரு கோழிக்காகக் காத்துக் கிடந்தவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வளைகுடாவில் டிரெய்லர் ஓட்டியவன் நான். முன்னால் நான் திரும்பிவிடுவேன், பின்பாதி சாவகாசமாக வரும். அந்தப் பாம்பை ஓட்டி ஓட்டி, கையடக்கமாக ஒரு வண்டி வேண்டும் என்கிற ஆசை எனக்குள் ஊறிப்போயிருந்தது. ஊருக்கு ஒரேயடியாக வந்த பிறகு வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்டு ஒரு கார் ஷெட் கட்டினேன். வண்டியைக் கொண்டுவந்து, எஞ்சினை இறக்கி, இருக்கைகளைக் கழற்றி, ஒவ்வொரு சாமானாகச் சாக்கில் பரப்பி வைத்தேன். அந்தச் சமயத்தில்தான் இடது காலில் புதுச் செருப்பு கடித்தது. சர்க்கரை உள்ளவன் அதைச் செருப்புக் கடி என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. நான் இருந்தேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் மனிதன் இல்லை, சாமான். ஆஸ்பத்திரியானாலும் கோவிலானாலும் கல்யாண வீடானாலும் என் மனைவிதான் ஆட்டோவைக் கூப்பிடுவாள். எங்கே போகவேண்டும், எந்த வழியாகப் போகவேண்டும் என்று அவள் சொல்வாள். முதலில் என்னை ஏற்றுவாள், பிறகு ஊன்றுகோலை ஏற்றுவாள், கடைசியில் அவள் ஏறிக்கொள்வாள். ஆட்டோக்காரரும் என்னிடம் பேசமாட்டார். “பெரியவர பாத்து ஏத்துங்க” என்று அவளிடம்தான் சொல்வார். லீவில் வரும்போதெல்லாம் வாடகைக் கார் எடுத்து, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து மாவட்டம் முழுக்க ஓட்டினவன் நான். அவள் முகம் சுளிக்காமல்தான் எல்லாம் செய்தாள், அதுவே எனக்குக் கூடுதல் எரிச்சலாக இருந்தது. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போனது போதும், நான் அவளை எங்காவது கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

அதற்கு ஷெட்டில் கிடந்த வண்டிதான் வேண்டுமா என்று எல்லாரும் கேட்டார்கள். கத்தாரில் நர்ஸாக இருக்கும் மகள் ஃபோனில், “அப்பா, ஆட்டோமேட்டிக் கார் ஒண்ணு எடுங்க, கிளச்சே கிடையாது” என்றாள். சொந்தக்காரர் ஒருவர், பின்னால் இரண்டு கூடுதல் சக்கரம் வைத்த ஸ்கூட்டரின் படத்தை அனுப்பிவைத்தார். எல்லாரும் நல்லதுதான் சொன்னார்கள். கியர் மாற்றித் தின்ற சோற்றில் வளர்ந்த உடம்பு இது, தானாக மாறுகிற கியரை என்னால் மதிக்க முடியவில்லை. சாக்கில் பரப்பிய வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் புது வண்டி வாங்கினால், செருப்பு ஜெயித்துவிட்டதாக ஆகிவிடும் என்றும் தோன்றியது.

பொய்க்கால் மாட்டிக்கொண்டு நடக்கப் பழகிவிட்டேன். ஆனால் அதை வைத்து கிளச் மிதிக்க முடியாது, எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. வலது கால் இருக்கிறது, ஆக்சிலேட்டருக்கும் பிரேக்குக்கும் அது போதும். கிளச்சை மட்டும் கைக்குக் கொண்டுவரவேண்டும். கியர் கம்பியை ஒட்டி பைக்கில் இருப்பதுபோல ஒரு பிடி வைத்து, அங்கிருந்து கேபிள் இழுத்தேன். பிடித்தால் கிளச், பிடித்தபடியே கியர் மாற்றலாம், விட்டால் வண்டி நகரும். கணக்கு சரியாகத்தான் இருந்தது, கைதான் இரண்டாவது தெருவிலேயே மரத்துப்போகும் போலிருந்தது. பிறகு கேபிள் போகிற வழியில் ஒரு கப்பி வைத்து, பிடியையும் நீளமாக்கினேன். சக்கரம் வைத்த பலகை ஒன்றில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போவதும் வருவதுமாக இருந்தேன். படுத்துச் செய்கிற வேலையில் ஒற்றைக்கால் ரெட்டைக்கால் என்று வித்தியாசமே கிடையாது. அந்த ஷெட்டுக்குள் நான் முழு ஆளாக இருந்தேன்.

உடம்பு வேலைக்கு என் மனைவியின் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் எங்கள் கடற்கரையிலேயே மீன்பிடிக்கப் போகிற ஃபைபர் வள்ளம் செய்கிறவன். வந்தவன் கதவை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“மச்சான், இது என்ன, காயிதமா? நாங்க வள்ளத்துக்குப் போடுத கனத்துல பாதி கூட இல்ல.”

“நீ இத கடலுக்குக் கொண்டு போவாண்டாம் மக்கா. ரோட்டுல ஓடினாப் போரும்.”

அவன் கேட்கவில்லை. விரிசல் இருந்த இடத்திலும் இல்லாத இடத்திலும் ஃபைபர் துணியை வெட்டிப் போட்டு, ரெசின் பூசி, மறுபடி துணி, மறுபடி ரெசின். ஷெட்டில் கிளம்பிய நாற்றம் அடுக்களைக்குள் போய்க் குடியேறிவிட்டது. ஒரு நாள் சோற்றிலும் அதே வாசனை வந்தபோது என் மனைவி ஷெட்டு வாசலில் வந்து நின்றாள்.

“இஞ்ச பாருங்க. எனக்க அப்பன் வீட்டுலதான் வள்ளத்து நாத்தம், கட்டிக்கிட்டுப் போன எடத்துல கார் நாத்தமாவது அடிக்கும்னு நெனச்சேன். இங்கயும் வள்ளமா? நீங்க செய்யியத செய்யுங்க. ஒத்தக் கால வச்சு ஓட்டுத வண்டியில நான் ஏற மாட்டேன்.”

தம்பிக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். இரண்டாவது இருக்கை யாருக்கு என்று நினைத்து நான் மாய்ந்துகொண்டிருந்தேனோ அவளே மாட்டேன் என்றுவிட்டாள். வலித்தது.

மறுநாள் தம்பி தரைப் பகுதியைப் பூசிக்கொண்டிருந்தான். நான் எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

“மச்சான், இதுல எதுக்கு இத்தன ஓட்ட? அடியில கெடக்கு, கதவுக்கு அடியில கெடக்கு, முன் கண்ணாடிக்குக் கீழயும் ரெண்டு கெடக்கு.”

“கோழி வச்சதா இருக்கும். அடச்சு விடு. ஒரு சொட்டு வெள்ளம் உள்ள வரப்பிடாது.”

அடைத்தான். வெறுமனே அடைக்கவில்லை, வள்ளத்துக்கு அடைப்பதுபோல உள்ளும் புறமும் துணி வைத்து அடைத்தான். எல்லாம் இறுகிய பிறகு தோட்டத்துக் குழாயை நீட்டித் தரை முழுக்கத் தண்ணீர் நிரப்பி, அடியில் குனிந்து பார்த்தான். ஒரு பொட்டு ஈரம் இல்லை. இரண்டு பேரும் கைகொடுத்துக்கொண்டோம். நாங்கள் பிறந்து வளர்ந்த கரையில் தண்ணீர் என்றால் கீழே இருந்துதான் வரும். அது வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம். நான் வண்டி ஓட்டிய தேசத்திலோ மழை என்பது செய்தியில் வருகிற சமாச்சாரம். ஆகவே எங்கள் இருவர் கண்ணுக்கும் ஒரு குற்றமும் தெரியவில்லை.

வண்ணமும் அவன் உபயம்தான். வள்ளத்துக்குக் கலக்கியதில் மிச்சம் இருந்த நீலம். நான் கேட்டது கறுப்பு. “கறுப்பு வள்ளம் எங்கயாவது பாத்திருக்கியளா?” என்று கேட்டான், அதோடு பேச்சு முடிந்தது. துணிக்கூரையை வடசேரியில் லாரிக்குப் படுதா தைக்கிற கடையில் தைத்து வாங்கினேன். வண்டியை வெளியே எடுத்த முதல் நாள் ஜங்ஷனில் நின்ற பயல்கள், “தாத்தா, இதுக்கு லைசென்ஸ் ஆர்.டி.ஓ. குடுப்பாரா, ஹார்பர்ல குடுப்பாவளா?” என்று கேட்டார்கள். குடுத்தது ஆர்.டி.ஓ. தான். இன்ஸ்பெக்டர் என்னை ஒரு ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். எடுத்தேன். மாற்றுத்திறனாளி வண்டி என்று ஆர்.சி.யில் பதிந்து கொடுத்தார்கள்.

அதன்பிறகு நான் தனியாகத்தான் சுற்றினேன். கோவிலுக்கு அவள் நடந்து வருவாள், நான் காரில் போவேன். பக்கத்து இருக்கை காலி. ஊர் பார்த்தது, சிரித்தது. ஒரு நாள் அவள், “வடசேரிக்குத்தானே போறிய? ஒரு தட்டு முட்ட வாங்கிட்டு வாங்க” என்றாள். எங்கள் தெருமுனையிலேயே முட்டைக் கடை இருக்கிறது. எதற்கு வடசேரி என்று எனக்குப் புரிந்துவிட்டது. தட்டைப் பக்கத்து இருக்கையில் வைத்து, பெல்ட்டும் போட்டு, பள்ளம் பள்ளமாகப் பார்த்து வேகத்தைக் குறைத்து ஓட்டி வந்தேன். அவள் ஒவ்வொரு முட்டையாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றில் மட்டும் கீறல்.

“அது கடக்காரன் தந்ததாக்கும்” என்றேன்.

நம்பினாளோ என்னவோ, அதை உடைத்து ஆம்லெட் போட்டுத் தந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் சேலை மாற்றாமல் அடுக்களைக்குப் போனாள். மரச்சீனிக் கிழங்கு அவித்து, மீன்கறி வைத்து, தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு வந்து கார் பக்கத்தில் நின்றாள்.

“இண்ணைக்கு எங்க போறிய?”

எனக்குப் போக இடமே இல்லை. “வட்டக்கோட்டைக்கு” என்று வாயில் வந்ததைச் சொன்னேன். “வாறியா?”

“அத பாத்து ரொம்ப நாளாச்சு” என்று சொல்லி ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். அவள் மனம் மாறுவதற்குள் வண்டியைக் கிளப்பினேன்.

கடற்கரைச் சாலை வழியாகப் போனோம். அவள் முதலில் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள், பிறகு விட்டுவிட்டாள். அது யார் வீடு, இது எப்போது கட்டினது என்று கேட்க ஆரம்பித்தாள். மணக்குடிப் பாலத்தில் ஏறும்போது கடலுக்குள்ளிருந்து மழை வந்தது. இங்கே மழை அப்படித்தான், தூரத்தில் வெள்ளையாக நிற்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலைமேல் இருக்கும். படுதாக் கடைக்காரர் தைத்த தையல் ஒவ்வொன்றும் சொட்டியது. அது பெரிதில்லை. முன் கண்ணாடியில் அடித்த மழை கண்ணாடிக்குக் கீழே இறங்கி, வெளியே போக வழியில்லாமல் நிறைந்து, டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து எங்கள் மடியில் கொட்டியது. கொட்டினது தரையில் நின்றது. ஏன் வடியவில்லை என்று நான் யோசித்த அந்த நிமிஷத்தில்தான் அந்த ஓட்டைகள் எதற்கு என்று எனக்கு விளங்கியது. தண்ணீர் உள்ளே வர அல்ல, வெளியே போக. ஒரு சொட்டுக்கூட ஒழுகாத தரை எங்களுடையது. அது வந்த தண்ணீர் அத்தனையையும் பத்திரமாகப் பிடித்து வைத்துக்கொண்டது.

பாலம் இறங்கியதும் அவளுடைய செருப்பு மிதந்து என் பிரேக் பக்கம் வந்தது. அவள் குனிந்து வெடுக்கென்று எடுத்தாள். நான் ஓரமாக நிறுத்திவிட்டேன். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் நின்றது. அவளுடைய பூசைச் சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் தம்பியையும் என்னையும் படுதாக் கடைக்காரரையும் சேர்த்து மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குப் பின்னால் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுகிறவன் தலையை வெளியே நீட்டினான். வழக்கம்போல என்னிடம் பேசவில்லை.

“அக்கா, வண்டி முங்கிப் போச்சே! பெரியவரையும் கூட்டிட்டு இதுல ஏறுங்க, வீட்டுல கொண்டு விடுதேன்.”

அவள் ஏறிவிடுவாள் என்று நினைத்தேன். ஏறினால், நானும் ஏறத்தான் வேண்டும். முதலில் நான், பிறகு ஊன்றுகோல். ஊன்றுகோலைத் தேடிக் கையைப் பின்னால் நீட்டினேன்.

அவள் சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். தூக்குச்சட்டியின் மூடியைக் கழற்றினாள். கதவைத் திறந்து, கடற்கரையில் பிறந்தவளின் கைவீச்சில் தண்ணீரைக் கோரி வெளியே எறிந்தாள். ஒன்று, இன்னொன்று, நிற்காமல்.

“வேண்டாம் மக்கா, நீ போ” என்றாள் ஆட்டோக்காரனிடம், கோருவதை நிறுத்தாமலே. “எங்க வீட்டுக்காரரு என்னைய வட்டக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போறாரு.”

அவன் முதல் தடவையாக என் பக்கம் திரும்பிப் பார்த்தான். மழை இன்னும் வலுத்தது. இந்த மழையில் கோட்டையின் மதில்கூடக் கண்ணுக்குத் தெரியப் போவதில்லை, அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“திரும்பிரலாமா?” என்று கேட்டேன்.

“என்னத்துக்கு? நீங்க ஓட்டுங்க, நான் கோருதேன்.”

கிளச்சைப் பிடித்து முதல் கியரைப் போட்டேன்.