கொடிக்கு அந்தப் பக்கம்

விபத்து என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். படியில் கால் வழுக்கினால் விபத்து. டிராமில் ஏறும்போது பிடி நழுவினால் விபத்து. சிவப்புக் கொடி நட்டு, கயிறு கட்டி, இதைத் தாண்டாதே என்று காலையில் படித்துப் படித்துச் சொல்லி, அதற்குப் பிறகும் தாண்டிப் போய்ச் செத்தால் அதற்கு என்ன பெயர்? என் தம்பி அப்படித்தான் செத்தான். தொண்ணூறுகளின் கடைசியில், கர்வால் மலையில், பனிச்சறுக்குப் போன இடத்தில். அவனுக்கு இருபத்திரண்டு வயது. நான் அவனைவிட நாலு வயது மூத்தவள்.

கல்கத்தாவில் இருந்துகொண்டு பனிச்சறுக்கா என்று துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் கேட்டார்கள். அவர்களுக்கு வங்காளிகளைத் தெரியாது. நவம்பரில் லேசாகக் காற்றடித்தாலே காதை மூடி மங்கி கேப் மாட்டிக்கொள்ளும் அதே ஆட்கள், லீவு விட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு இமயமலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பேட்டைக்குப் பேட்டை மலையேறும் கிளப் உண்டு. லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒன்று இருந்தது. கேரம்போர்டு, டீ, மலைப் படங்கள், ஓயாத பேச்சு.

அப்பாவுக்கு மாற்றலாகி நாங்கள் இங்கே வந்தபோது தம்பி கைக்குழந்தை. வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ், வாசலைத் தாண்டினால் வங்காளம். அவனுக்குக் கோபம் வந்தால் வங்காளம்தான் வரும், பசிக்கு மட்டும் தமிழ். அவனை அந்தக் கிளப்புக்குக் கூட்டிப்போனவன் ஜாதவ்பூரில் அவனோடு படித்த வங்காளிப் பையன். பள்ளிக்கூடத்திலிருந்தே இரண்டு பேரும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி. அந்தப் பையன் எங்கள் வீட்டுச் சாம்பாரை மீன் குழம்பு ஊற்றுவதுபோல் சோற்றில் ஓரமாக ஊற்றிச் சாப்பிடுவான். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள், பிறகு இன்னொரு கரண்டி ஊற்றுவாள். தனக்கு இரண்டு பிள்ளைகள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வாள்.

மூன்று குளிர்காலம் கிளப்போடு கர்வாலுக்குப் போனார்கள். கற்றுக்கொண்டு நன்றாகவே சறுக்கினார்கள் போலிருக்கிறது. கொடி நட்ட இடத்துக்குள் ஆள் போய்ப் போய்ப் பனி இறுகிக் கிடக்குமாம். கொடிக்கு அந்தப் பக்கம் யாரும் மிதிக்காத பனி. அதில் இறங்குவதற்கு ஆஃப்-பீஸ்ட் என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது தம்பிக்கு முகமே மாறிவிடும், ஊரிலிருந்து அல்வா வந்திருக்கிறது என்று சொன்னது மாதிரி.

"ஏல, அங்க அப்படி என்னதாம்ல இருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணுமே இல்லம்மா. அதுக்குத்தான் போறது."

"வாயைப் பாரு" என்று சொல்லிவிட்டு அம்மா அவன் பைக்குள் முறுக்கு டப்பாவைத் திணித்தாள்.

நடந்தது இவ்வளவுதான். முந்தின ராத்திரி புதுப்பனி கொட்டியிருந்தது. மேலே பனி ஒட்டாமல் நிற்கிறது, இன்று யாரும் கொடியைத் தாண்டக் கூடாது என்று பயிற்சியாளர் காலையில் எல்லோரையும் நிறுத்திவைத்துச் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இவர்கள் இரண்டு பேரும் தாண்டினார்கள். அந்தப் பையன் முன்னால் சறுக்கிப் போனான். பின்னால் தம்பி இறங்கியபோது சரிவு அப்படியே பெயர்ந்து வந்துவிட்டது. முன்னால் போனவன் ஓரத்தில் விழுந்து, தோள் எலும்பு முறிந்து, இடுப்புவரை புதைந்து பிழைத்துக்கொண்டான். தம்பியைத் தோண்டி எடுத்தபோது மூச்சு இல்லை.

இதெல்லாம் கோவையாகத் தெரியவந்தது பிறகுதான். செய்தி வந்த அன்று கிளப் செயலாளர் வாசலில் நின்று அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வங்காளத்தில் என்னவோ சொன்னார். அப்பா ஆபீசில் பேசுவதுபோல் இங்கிலீஷில், "யெஸ், யெஸ், ஐ அண்டர்ஸ்டாண்ட்" என்று பதில் சொன்னார். அடுக்களையில் அம்மா மிக்ஸியை நிறுத்தவே இல்லை. நான்தான் போய் நிறுத்தினேன்.

கிளப்பில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். படத்துக்குச் சம்பங்கி மாலை, ஊதுபத்தி, பாட்டு. ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். இமயம் அவனைத் தன் மடியில் வாங்கிக்கொண்டது என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அம்மா என் பக்கம் திரும்பி, கூட்டத்துக்கே கேட்கிற குரலில், "மடியில வாங்கிக்க அவன் என்ன அனாதையா? ஏன், எனக்கு மடி இல்லையாட்டி?" என்றாள். தமிழ் யாருக்கும் புரியவில்லை. ஆனாலும் பேசிக்கொண்டிருந்தவர் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குத் திட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. அழுகை அதற்குப் பிறகுதான். பயிற்சியாளரைத் திட்டிப் பார்த்தேன், அவர் சொல்லத்தான் சொல்லியிருக்கிறார். கிளப்பைத் திட்டினேன், சொந்தப் பொறுப்பில் வருகிறேன் என்று தம்பிதான் கையெழுத்துப் போட்டிருக்கிறான். மிச்சம் இருந்தது அந்தப் பையன். கட்டுப் போட்ட தோளோடு பிழைத்து வந்து, நாலு தெரு தள்ளி அவன் அம்மா பிசைந்து ஊட்டச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. யாராவது சாரத்திலிருந்து விழுந்தால், மெஷினில் கை மாட்டினால், போய் விசாரித்து, கவனித்திருக்க வேண்டியவர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. யாரையும் காப்பாற்றவும் மாட்டார், யாரையும் மாட்டிவிடவும் மாட்டார். அதனாலேயே அங்கே அவருக்கு வேண்டியவர்கள் குறைவு. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பையனை வரச்சொன்னார். எதிரே நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தார். நானும் அம்மாவும் அடுக்களைத் திரைக்குப் பின்னால் நின்றோம். இன்றைக்கு நன்றாகக் கிடைக்கும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி.

பேச்சு வங்காளத்தில்தான் நடந்தது. அப்பா அவனுக்கு மேஷோமஷாய், நம் சித்தப்பா மாதிரி.

"போகலாம்னு யார் சொன்னது?"

"நான்தான், மேஷோமஷாய்."

"அவன் என்ன சொன்னான்?"

"வேண்டாம்னு சொன்னான்."

அம்மா என் கையைப் பிடித்து இறுக்கினாள்.

"அப்புறம்?"

"நான் போயிட்டேன். திரும்பிப் பார்த்தா அவனும் வந்துட்டிருந்தான்."

"கேலி ஏதும் பண்ணியா? பயமான்னு கேட்டியா?"

"இல்ல. நான் ஒண்ணுமே சொல்லல."

"காலையில சொன்னது அவன் காதுல விழுந்ததா?"

"என் பக்கத்துலதான் நின்னான்."

"கொடி தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு, "தோள் எப்படி இருக்கு? டாக்டர் சொல்ற பயிற்சியை விடாதே" என்று சொல்லி வாசல்வரை கொண்டுவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவுதானா?

உள்ளே வந்து அப்பா அம்மாவிடம் சொன்னார். "கூப்பிட்டது அவன் தப்பு. போனது நம்ம பையன் தப்பு. உயிர் போனது கூப்பிட்டதால இல்ல, போனதாலதான்."

அம்மா கையிலிருந்த தட்டை விட்டெறிந்தாள். "பெத்த பிள்ளை மேலயே பழி போடுதீங்களே, நீங்க மனுஷந்தானா? வேண்டாம்னு சொல்லியிருக்கான்! என் பிள்ளை வேண்டாம்னுதான் சொல்லியிருக்கான்!"

"அதனாலதான் சொல்லுதேன். தெரியாமப் போகல. எவனோ கூப்பிட்டான்னு பின்னாலயே போயிட்டான்னு சொன்னா அவன் என்ன ஆட்டுக்குட்டியா? என் பிள்ளைக்கு அறிவு இருந்துச்சு. அவன் தலையால அவன் முடிவு பண்ணினான். அதைக்கூட நான் அவன்கிட்டயிருந்து பிடுங்க மாட்டேன்." சொல்லிவிட்டு அப்பா எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார்.

அம்மா அதற்குப் பிறகு அப்பாவோடு பேசவில்லை. சோறு போடுவாள், சட்டை எடுத்து வைப்பாள், பேச்சு மட்டும் இல்லை. நான் அம்மா கட்சி. இப்படியும் ஒரு கல்நெஞ்சுக்காரரா என்று தலையணையில் முகம் புதைத்துக்கொண்டு திட்டுவேன். மூன்று பேரும் ஒரே வீட்டில் தனித்தனியாகத் துக்கம் காத்தோம். கோடை போனது, மழை போனது. துர்கா பூஜைக்கு ஊர் முழுக்க விளக்குப் போட்டார்கள். நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டோம்.

காளி பூஜை முடிந்து இரண்டாம் நாள் இங்கே பாய் ஃபோட்டா. அக்கா தங்கைகள் சாப்பிடாமல் இருந்து, உடன்பிறந்தவனைப் பாயில் உட்காரவைத்து, இடது சுண்டுவிரலால் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்து, எமனுக்கு வழியை அடைக்கிற வார்த்தைகளைச் சொல்வார்கள். நம் பக்கத்தில் இல்லாத பழக்கம். ஆனால் நாங்கள் எங்கே நம் பக்கத்தில் இருந்தோம்? அந்தப் பையனுக்கு உடன்பிறந்தவள் இல்லை. அதனால் அவனுக்கும் நான்தான் தீதி, அக்கா; சின்ன வயதிலிருந்தே இரண்டு பேருக்கும் நான்தான் வைப்பேன்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் அம்மா என்னைத் தேடி வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. படிக்கட்டிலேயே நின்றாள்.

"காலேஜை விட்டுட்டான். நாள் பூரா லேக் கரையில உட்கார்ந்திருக்கான். வர்ற குளிருக்கு அந்த இடத்துக்கே தனியாப் போறேங்கறான். எதுக்குடான்னா, உன் தம்பி அங்க தனியா இருக்கான்கறான். நாளைக்கு அவனுக்குப் பொட்டு வை, மா. நீ சொன்னாத்தான் கேட்பான்."

"நான் வெச்ச பொட்டு என் தம்பிக்கு என்னத்தைக் கிழிச்சுது?" என்று கேட்டேன். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கிப் போனாள். அவள் பிள்ளை உயிரோடு இருக்கிறானே என்ற பொறாமையில் நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

காலையில் கதவைத் திறந்தால் அவன் நிற்கிறான். குளித்துவிட்டு வெள்ளைக் குர்தா போட்டிருந்தான். ஆள் பாதியாகியிருந்தான், ஒரு தோள் இறங்கியிருந்தது.

"போன்னு சொன்னா போயிடறேன், தீதி."

உள்ளேயிருந்து அம்மா கத்தினாள். "எதுக்குட்டி வந்திருக்கான்? மிச்சம் இருக்கதையும் கொண்டுபோகவா? என் கண்ணு முன்னால நிக்கக் கூடாதுன்னு சொல்லு!"

சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் கண்ணைப் பார்த்ததும், இவன் நிஜமாகவே போகப் போகிறான் என்று தெரிந்துவிட்டது. நான் போ என்று சொன்னால் படியிறங்கி நேராக அங்கேதான் போவான். பாயை உதறிப் போட்டேன். "உட்காரு" என்றேன்.

சந்தனம் அரைத்தேன். போன வருஷம் இதே விரலால்தான் இரண்டு நெற்றியிலும் வைத்தேன். இரண்டு பேருக்கும் ஒரே வார்த்தைகளைத்தான் சொன்னேன். அதை நினைத்துக்கொண்டே வைத்தேன், சொல்ல வேண்டியதை மூன்று தரமும் சொன்னேன். அதற்குமேல் வங்காளம் வரவில்லை. எனக்குக் கோபம் தமிழில்தான் வரும். அவனுக்கு அது நன்றாகவே புரியும்.

"ஏல, நல்லாக் கேட்டுக்கோ. உன்னை நான் மன்னிக்கல. மன்னிப்பேன்னும் நினைக்காத. ஆனா நீயும் செத்துத் தொலைச்சேன்னா நான் யாரைத் திட்டுவேன்? மலைக்கும் போவண்டாம், மண்ணுக்கும் போவண்டாம். வருஷா வருஷம் இங்க வா. வந்து திட்டு வாங்கிட்டுப் போ."

அந்தக் குளிருக்கு அவன் எங்கும் போகவில்லை. இப்போது நியூ டவுனில் பதினான்காவது மாடியில் இருக்கிறான், கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. இன்னும் வருகிறான். நானும் இன்னும் திட்டுகிறேன். ஆனால் அன்று காலை அதோடு முடியவில்லை.

பொட்டு காய்வதற்குள் அவன் கேட்டான். "தீதி, நான் கூப்பிடாம இருந்திருந்தா, அவன் போயிருப்பானா?"

இந்தக் கேள்விக்கு மாதக்கணக்காகப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். போயிருக்கவே மாட்டான், நீதான் கொன்றாய் என்று. அதைச் சொல்ல நிமிர்ந்தேன். என் தம்பியை எனக்குத் தெரியாதா? மாங்காய் வேண்டாம் என்பான், போய்ப் பார்த்தால் மரத்தில் இருப்பான். வண்டி ஓட்ட மாட்டேன் என்பான், சாவி ஆணியில் இருக்காது.

"போயிருப்பான்" என்றேன். "அன்னைக்கு இல்லன்னா மறுநாள். நீ இல்லன்னா தனியா."

அப்பா சொன்னதையே நானும் சொல்லிவிட்டேன் என்பது வாயை விட்டு வந்த பிறகுதான் உறைத்தது. அம்மா அடுக்களைத் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். அறையப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னையும் பார்க்கவில்லை, பாயில் இருந்தவனையும் பார்க்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தம்பி செத்த நாளிலிருந்து ஒருத்தர் பாக்கியில்லாமல் திட்டித் தீர்த்தவள், அவனை மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றுதான் ஆரம்பித்தாள். லேட்டாக வீட்டுக்கு வந்தவனை வாசலிலேயே நிறுத்தி வைத்துத் திட்டுவாளே, அதே குரல்.

"ஏல... வாய் வேண்டாம்னு சொல்லுச்சே, கால் ஏம்ல போச்சு? உனக்குக் கண்ணு தெரியலையால? கொடி தெரியலையால? அப்பா ஊருக்கெல்லாம் சொல்லுதாரே, உனக்குச் சொல்லலையால? எங்களை நினைக்கலியால? ஒரு நிமிஷம்... ஒரே ஒரு நிமிஷம் அங்கேயே நின்னிருக்கக் கூடாதால, நாயே?"

அப்பா அறையிலிருந்து வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேளுங்க" என்றாள் அவரிடம். "நீங்களும் கேளுங்க நம்ம பிள்ளைய."