ஊட்டியில் என் மகள் தொலைந்த பத்து நிமிடம்

நான் விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்கு வர்ணம் அடிக்கிறேன். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. எதற்கெடுத்தாலும் பயப்படுவேன்.

போன கோடையில் ஊட்டி போனபோது, பூங்காவில் எங்கள் நான்கு வயது மகள் பத்து நிமிடம் காணாமல் போய்விட்டாள். கிடைத்ததும் பதற்றத்தில் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டேன்.

பிள்ளை பயந்திருக்குமே என்று, ஊர் திரும்பியதும் செவ்வாய்க்கிழமைதோறும் மந்திரித்துத் திருநீறு போடும் ஓர் அம்மாவிடம் அழைத்துப் போனேன். ஒவ்வொரு முறையும் மகள் எதிரிலேயே நடந்ததை முதலிலிருந்து சொன்னேன்.

ஒருநாள் வந்திருந்த என் நாத்தனார், "ஊட்டியில இன்னாடி பாத்த?" என்று மகளைக் கேட்டாள்.

"தொலைஞ்சு போயிட்டேன் அத்தை. பெத்த வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது" என்றாள் மகள். அப்படியே நான் சொல்லும் வார்த்தை. அங்கே ஏறிய படகு, ரயில் பற்றி ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

"அது மறந்தாலும் நீங்க வுட மாட்டீங்க போல அண்ணி" என்று நாத்தனார் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது பிள்ளை காதுபட அந்தக் கதையை எடுப்பதில்லை. சோறு ஊட்டும்போது, ரயில் குகைக்குள் போனதும் அவள் கூச்சல் போட்டதைச் சொல்கிறேன். நேற்று அவளே, "அப்பாவுந்தாம்மா கத்துனாரு" என்றாள். அதை நான் ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை.