எண்ணெய் படாத குழி

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, கிள்ளானிலிருந்து பள்ளி ஆசிரியர் ஒருவர் ரயிலேறி என் செடித் தோட்டத்துக்கு வந்திருந்தார். இந்தப் பத்தியை வாரந்தோறும் தவறாமல் வாசிப்பவர். கையில் குடை, சட்டைப் பையில், பத்திரமாகக் கத்தரித்து மடித்து வைத்திருந்த என் பழைய கட்டுரை ஒன்று.

பாத்திகளைச் சுற்றி வந்தார். நின்றார். மறுபடியும் சுற்றி வந்தார். கிள்ளானில் ஏழு வாரமாக ஒரு துளி மழை இல்லையாம். அவருடைய காசித்தும்பைகள் கருகி, கல்வாழைகூடத் தலை சாய்ந்துவிட்டதாம். இங்கேயோ ஜினியாவும் ஆஸ்டரும் வரிசை பிசகாமல் பூத்து நிற்கின்றன. இதன் இரகசியத்தைப் பத்திரிகையில் எழுதக் கூடாதா என்று கேட்டார்.

நான் விளக்கினேன். வெயில் ஏறுமுன் நீர் விட வேண்டும். வேரடியில் தேங்காய் மட்டையைப் பரப்ப வேண்டும். உச்சி வேளைக்குக் கீற்றுப் பந்தல் வேண்டும்... சொன்னவை யாவும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அவர் மனநிறைவுடன் நாற்றுகளை வாங்கிக்கொண்டு போனார்.

எழுதச் சொன்னார் அல்லவா? எழுதுகிறேன்.

என் தோட்டம் இருக்குமிடம் பிரிக்பீல்ட்ஸ் வாசகர்களுக்குத் தெரியும் — ரயில்வே கூலிகள் குடியிருக்கும் லயங்களைத் தாண்டி, குன்றின் அடிவாரத்தில். இந்த நாட்டில் கோடை என்று தனியே ஒரு பருவம் இல்லை. ஆயினும் பங்களாத் துரைசானிகளுக்குத் தம் நாட்டுக் கோடைப் பூக்கள் இங்கும் பூத்தாக வேண்டும். விதைகள் கப்பலில் வரும். முளைக்க வைப்பது என் பாடு. மழை உள்ள வரையில் அது பெரிய காரியமன்று. மழை நின்றால்? குழாய்த் தண்ணீரைச் செடிக்கு விடக் கூடாது என்று உத்தரவு வரும். கிணறு சேறாகும். இவ்வாண்டு இரண்டும் நேர்ந்தன.

இதற்கிடையில் நான் வேறொரு காரியம் செய்திருந்தேன். வறட்சி தொடங்கிய வாரம், இதே பத்தியில், "கருத்துள்ள தோட்டக்காரனின் செடி வறட்சியில் மடியாது" என்று எழுதிவிட்டேன். அச்சில் வந்த வாக்கியம்! அதைப் படித்தவர்கள் வந்து பார்ப்பார்களே? வாடிய செடிகளின் நடுவில் நான் எந்த முகத்தோடு நிற்பது?

ஒரு காலை, குன்றின் அடியில் பாசி படிந்த ஈரம் கண்ணில் பட்டது. புதரை வெட்டி எறிந்துவிட்டு இடுப்பளவு தோண்டினேன். ஊற்று. பளிங்கு போன்ற நீர் மெல்லக் கசிந்து குழியை நிறைத்தது. மறைப்பு ஏதுமின்மையால் வெயில் நேராக அடிமட்டம் வரை இறங்கியது. கடவுள் கண் திறந்தார் என்றே நினைத்தேன்.

நகரில் காய்ச்சல் பரவாதிருக்க, கொசு முட்டையிடும் நீரிலெல்லாம் வாரம் ஒருமுறை எண்ணெய் தெளிக்கும் ஏற்பாட்டை நீங்கள் அறிவீர்கள். எங்கள் பக்கத்துக்கு வருபவர் காத்தமுத்து. முப்பது வயதிருக்கும். முதுகில் எண்ணெய்த் தகரம், கையில் தெளிகுழல். செவ்வாய்க்கிழமை தவறாமல் வருவார். ஒவ்வொரு கால்வாயாக, ஒவ்வொரு பள்ளமாகத் தெளித்துக்கொண்டு போவார். கடல் கடந்து ஊருக்குப் போகும் அவருடைய கடிதங்களை எழுதித் தருபவன் நான். அவர் மனைவி செல்லாயிக்கு அப்போது ஐந்து மாதம். ரப்பர் விலை விழுந்த பிறகு வேலையற்றவர்கள் ஆபீஸ் வாசலில் கூட்டங்கூட்டமாக நிற்கும் காலம் இது. அந்த வேலைதான் அவர்களுக்கு லயத்தில் இருந்த அறை, அரிசி, பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு கூரை — எல்லாமும்.

அந்தச் செவ்வாயன்று குழியைப் பார்த்ததும் அவர் தகரத்தை இறக்கினார். நான் குறுக்கே போய் நின்றேன்.

எண்ணெய் மிதக்கும் நீரைத் தெளித்தால் இளநாற்றின் இலை வெந்துவிடும், மழை வரும் வரையில் இதை மட்டும் விட்டுவிடு என்று கேட்டுக்கொண்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"கலங்கின தண்ணியக்கூட விட்டுறலாம் ஐயா. இந்த மாதிரி வெயில் பட்ட தெளிஞ்ச தண்ணிதான் மோசம்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"கொசு வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன், தம்பி. பலகை போட்டு மூடுகிறேன்."

அவர் தகரத்தை மறுபடியும் முதுகில் ஏற்றிக்கொண்டார்.

"நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நான் படித்தவன் அல்லேன். ரயில்வேயில் மண் சுமந்த காலத்தில், பிறர் எறிந்த பத்திரிகைகளைப் பொறுக்கிப் பழகிக்கொண்ட எழுத்துதான் என்னுடையது. கொசுவைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது. அதை அங்கேயே ஒப்புக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்தச் சொல் காதுக்கு இனிமையாக இருந்தது. கழுத்தில் மாலை விழுந்தாற்போல் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

பலகை போட்டேனா? போட்டேன் — செவ்வாய்க்கிழமைகளில் மட்டும். மற்ற நாள்களில் காலையும் மாலையும் நீர் மொள்ள வேண்டுமே! மூடுவதும் திறப்பதும் தொல்லையாக இருந்தது.

ஆஸ்டர் மொட்டு விட்டது. அதே வாரம், லயத்தில் குளிர்க்காய்ச்சல் கண்டது.

முதலில் ஒருவர். பிறகு வரிசையாக ஏழெட்டு வீடு. பட்டப்பகலில் கம்பளிக்குள் நடுங்கிக் கிடந்தார்கள். கொயினா மாத்திரை கொடுத்தார்கள். சிலரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர்களில் செல்லாயியும் ஒருவர். மூன்றாம் நாள் செல்லாயியைக் காப்பாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். பிள்ளை தங்கவில்லை.

இதைக் கேட்ட பிறகாவது நான் குழியை மூடினேனா? இல்லை. அந்தக் காய்ச்சல் எங்கிருந்து வந்ததோ, யார் கண்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நீர் மொண்டேன். அடுத்த நாள் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைத் தொப்பி, கையில் நீண்ட பிடியுள்ள வெள்ளைப் பீங்கான் கரண்டி. லயத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு பள்ளமாகச் சோதித்துக்கொண்டே என் குழிக்கு வந்து சேர்ந்தார். அன்று புதன்கிழமை. பலகை இல்லை.

கரண்டியை மெல்ல முக்கி எடுத்து என்னிடம் நீட்டினார். வெண்மையின் மேல், மயிர்த்துண்டுகளைப் போலச் சிறிய புழுக்கள், நீரின் மட்டத்தில் படுத்தவாக்கில் கிடந்தன. பத்துப் பதினைந்து இருக்கும்.

"எண்ணெய்க்காரன் கிழமைக்குக் கிழமை வாறவனோ?" என்று கேட்டார்.

வருவார் என்றேன்.

"அப்ப இந்தக் குழியைக் கண்டிருப்பானே?"

என் வாழ்நாளில் எத்தனையோ வாக்கியங்களை நான் அடித்துத் திருத்தியதுண்டு. திருத்த வேண்டிய ஒரே வாக்கியம் அடுத்து நான் சொன்னதுதான்.

"அதை அவரிடந்தான் கேட்க வேண்டும்."

பொய்யா? இல்லை. நாலெழுத்துக் கற்றவர்களாகிய நமக்கு இப்படியொரு வசதி உண்டு, கவனித்திருக்கிறீர்களா? பொய் என்று ஒரு சொல்லையும் சொல்லாமலேயே உண்மையை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடலாம்.

இன்ஸ்பெக்டர் அவரிடம் கேட்டார். காத்தமுத்து, குழியைத் தாம் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். பார்த்தேன் என்றால் ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். அதற்கு என் பெயரைச் சொல்ல வேண்டிவரும். குழி வெட்டிய எனக்கு ஓர் எச்சரிக்கை. மண் போட்டு மூடச் சொன்னார்கள். எண்ணெய் தெளிக்காத அவருக்கு வேலை போயிற்று. அறையைக் காலி செய்ய ஒரு வாரம். குழியும் இனித் தேவையில்லை — மொட்டுகள் எல்லாம் விரிந்துவிட்டிருந்தன.

மறுநாள் அவரைத் தேடிப் போனேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும் தகுதி எனக்கு ஏது? ஆயினும் கேட்டேன்.

"உங்க பேரு நாலு பேரு படிக்கிற பேரு ஐயா. என் பேரு ஆபீஸ் செக்ரோல் ஏட்டுல மட்டுந்தான் இருந்துச்சு. இப்ப அதுலயும் இல்ல. போறது போகட்டும்."

பிறகு ஓர் உதவி கேட்டார். காப்பார்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எண்ணெய் தெளிக்க ஆள் தேடுகிறார்களாம். காட்டுவதற்கு ஒரு நற்சாட்சிக் கடிதம் எழுதித் தர வேண்டும்.

எழுதினேன். இரண்டு நாள் எடுத்துக்கொண்டு எழுதினேன். அவருடைய நேர்மை, ஒழுக்கம், மழையிலும் வெயிலிலும் தவறாத உழைப்பு — எதையும் விடவில்லை. நல்ல தாளில், நல்ல மையில், ஒரு பக்கம் முழுவதும். நான் எழுதியவற்றில் அதுவே சிறந்தது என்றுகூடத் தோன்றியது. அவர் வேலையை இழந்தது ஏன் என்பதை மட்டும் அதில் நான் எழுதவில்லை.

காத்தமுத்து காப்பாருக்குப் போய் வந்தார். நடந்ததைச் சொன்னவர் செல்லாயி. சுவரில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கண் குழிந்து, காது மடல் வெளுத்திருந்தது.

"கடுதாசி ரொம்ப அழகா இருந்துச்சாம் ஐயா. அந்தத் தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி ரெண்டு தடவ படிச்சுட்டு, இத யாரு எழுதினதுன்னு கேட்டாராம்."

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"அப்புறம், இவ்வளவு நல்லவன ஏன்டா வேலைய விட்டு எடுத்தாங்கன்னு கேட்டிருக்காரு. இவுக பதில் சொல்லல. வெளிய போன்னுட்டாரு." முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "உங்க பூவெல்லாம் காயாம வந்துருச்சாமே. நல்லது," என்றார்.

அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அன்றே இன்ஸ்பெக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, காணும். இப்ப வேற ஆளைப் போட்டாச்சு."

காப்பாருக்கு எடுத்துச் செல்ல வேறு கடிதம் எழுதித் தருகிறேன் என்று காத்தமுத்துவிடம் சொன்னேன். அவர் தலையை அசைத்துவிட்டார். இன்னொரு முறை அந்த வாசலில் போய் நிற்க முடியாது என்றார். வேலையற்றவர்களை அரசாங்கம் ஊருக்கு அனுப்பும் கப்பலுக்கு இருவரும் பெயர் கொடுத்துவிட்டார்கள். அங்கே அவர்களுக்கு நிலம் இல்லை, வீடும் இல்லை. தம்பி ஒருவன் இருக்கிறானாம். அவனிடமிருந்து மூன்று ஆண்டாகக் கடிதம் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். அவருடைய கடிதங்களை எழுதியவன் நான்தானே?

காப்பார்த் தோட்டத்தில் இன்னும் ஆள் அமையவில்லை என்று விசாரித்து அறிந்தேன். அந்தக் கிராணியும் இப்பத்திரிகையை வாசிப்பவர் என்று கேள்வி. ஆகவே, அக்கடிதத்தில் நான் விட்டுவிட்ட வரியை இங்கே எழுதுகிறேன். அவர் இந்தப் பக்கத்தைக் கத்தரித்து அத்துடன் சேர்த்துக்கொள்ளலாம். வேறு தோட்டத்துக் கிராணிமார் எவரேனும் வாசித்தாலும் சரி.

"மேற்படி காத்தமுத்து அந்தக் குழியைக் கண்டார், எண்ணெய் தெளிக்கத் தகரத்தையும் இறக்கினார், அறியாத விஷயத்தில் அறிந்தவனாக நடித்து அவரைத் தடுத்தவன் நான்."

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் நாளில், கப்பல் புறப்பட இன்னும் ஒன்பது நாள் இருக்கும்.