கதவைத் திறந்தபடி ஓடிய லொறி

புங்குடுதீவில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் சரித்திரப் புத்தகம் ரஷ்யாவுக்கு ஒரேயொரு வரிதான் ஒதுக்கியிருந்தது: உலகப் போரில் நேச நாடுகளில் ஒன்று. வெள்ளைக்காரன் ஆண்ட காலமாதலால் எங்கள் நாடும் அந்தப் பக்கம்தான் நின்றதென்று ரீச்சர் சொன்னார். கூட நின்றவர்களை ஒற்றை வரியில் படித்துவிட்டுப் போவது அவருக்குப் பொறுக்கவில்லை. அடுத்த தமிழ்ப் பாடத்துக்கு ஒரு ரஷ்ய மொழிபெயர்ப்புக் கதையோடு வந்து வாசித்தார்.

எதிரி சுற்றி வளைத்த நகரம். உள்ளே நாளுக்கு ஆளுக்கு ஒரு துண்டுப் பாண்தான் சாப்பாடு. குளிர் முற்றிப் பக்கத்து ஏரி உறைய, அதன் மேலால் மா மூட்டைகளோடு லொறிகள் வருகின்றன. ஐஸ் என்றால் மீன்பெட்டிக்குள் போடுவது என்று மட்டும் தெரிந்த நாங்கள் வாயைப் பிளந்தோம்.

"ரீச்சர், தண்ணிக்கு மேலால லொறி ஓடேலுமோ?" என்றான் ஒருவன்.

"ஓடினதுதானே. ஐஸ் உடைஞ்சால் பாய்ஞ்சு தப்ப வேணுமெண்டு, கதவைத் திறந்துவிட்டபடிதான் ஓடினவை."

அன்று வீட்டுக்குப் போகும்போது கடலைப் பார்த்து நின்றேன். நயினாதீவு வரைக்கும் அது உறைந்து கிடப்பதாகவும், அதன்மேல் ஒரு லொறி கதவைத் திறந்தபடி வருவதாகவும் நினைத்தேன்.

பெற்றோர் தினத்துக்கு அந்தக் கதையை நாடகமாகப் போட்டோம். ஒத்திகையில் பெடியள் சிரித்துச் சிரித்தே எல்லாவற்றையும் கெடுத்ததால் சாரதி வேடம் எனக்கு வந்தது. நான் அதற்காகவே பிறந்தவள் போலத் திரிந்தேன்.

எங்கள் வீட்டில் இரண்டு மாமாக்கள். பெரிய மாமா சுவரில் படமாக இருந்தார். அவர் கடலோடு போனவர் என்பதற்கு மேல் எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. சின்ன மாமா கராஜில் வேலை செய்தார். அதிகம் பேசமாட்டார். நான் கதையை உரக்க வாசித்தபோது கதவு பற்றிய இடத்தில் சாப்பாட்டுக் கையை நிறுத்தி, "அதைத் திருப்பி வாசி" என்றார். அடுத்த நாள் ஒரு பழைய லொறிக் கதவைக் கொண்டுவந்து, மரச்சட்டத்தில் பூட்டித் தந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாடகத்தன்று கச்சான் காற்று மூசி அடித்தது. நான் ஏரியின் நடுவில் வந்துகொண்டிருந்தபோது கதவு படாரென்று சாத்திக்கொண்டது. நான் பாட்டுக்கு ஓட்டினேன்.

"கதவைத் திற! பிள்ளை, கதவைத் திற!"

சனத்துக்குள் சின்ன மாமா எழுந்து நின்று கத்தினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மானம் போனது. அவர் எதையும் பார்க்கவில்லை. கதிரைகளைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து மேடையில் ஏறிக் கதவை இழுத்துத் திறந்தார். பிறகு அதற்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு அப்படியே நின்றார். முதலில் வயதானவர்களின் சிரிப்பு நின்றது, பிறகு எல்லோருடையதும். அந்த அமைதிக்குள் நான் மாவைக் கொண்டுபோய் நகரத்தில் இறக்கினேன். உறைந்த ஏரியைவிட, அதில் ஓடிய லொறிகளைவிட, காற்றை மறித்து நின்ற அந்த மனிதர்தான் அன்று எனக்குப் பெரிய அதிசயமாகத் தெரிந்தார். ஏனென்றுதான் விளங்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில், "அது நாடகம்தானே மாமா" என்று சிணுங்கினேன்.

"ஓம் பிள்ளை. ஆனா நீ உள்ளுக்கை இருந்தனியெல்லோ."

கடலோடு போகிறவர்கள் வள்ளத்தில்தான் போவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். எங்கள் நாட்டுச் சண்டைக் காலத்தில், இரவில் வெளிச்சம் போடாமல் மா ஏற்றி வந்த ஒரு லொறி கடலுக்கு நடுவால் போகும் வேலணைப் பக்கத் தாம்போதித் தெருவிலிருந்து கடலுக்குள் சரிந்ததோ, மற்றப் பக்கத்தால் பாய்ந்து தப்பிய சின்ன மாமா, தமையன் இருந்த பக்கக் கதவைத் தண்ணீருக்குள் நின்று இழுத்து இழுத்துப் பார்த்ததோ எனக்கு அப்போது தெரியாது.