பக்கத்து காம்பராவுக்கு லீவு கிடையாது

போன வருஷம், மழை விடாமல் கொட்டிய ஒரு காலையில், இரத்தினபுரிப் பக்கம் நான் வேலை செய்யும் கார்மென்ட்ஸ் தொழிற்சாலையில் இது நடந்தது. சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அப்பா படுத்த படுக்கையான பிறகு என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

தேநீர் இடைவேளையில் அம்மா போன் பண்ணினார். தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குப் பக்கத்து காம்பராப் பெரியம்மா இறந்துவிட்டார், பின்னேரமே அடக்கம் என்றார். அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்த காலமெல்லாம் எனக்குத் தலை வாரி, சோறு போட்டு வளர்த்தவர் அந்தப் பெரியம்மாதான். இரத்த சொந்தம் கிடையாது. ஆனால் எங்கள் தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் யாருக்கு யார் சொந்தம் என்று எவரும் கேட்கமாட்டார்கள். அன்றைக்கு எங்கள் டிவிஷன் முழுக்க ஒருவரும் கொழுந்து பறிக்க இறங்கமாட்டார்கள். ஊர் உலகமெல்லாம் இதுதான் வழக்கம் என்று நினைத்திருந்த மடைச்சி நான்.

மனிதவள அதிகாரியிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். நாங்கள் சேர்ந்த அன்று வகுப்பெடுத்து, இங்கே எல்லோரும் ஒரே குடும்பம் என்று உருகியவர் அவர்தான். பெற்றவர், கட்டியவர், பிள்ளை, கூடப்பிறந்தவர் இறந்தால்தான் லீவு, பக்கத்து வீட்டுக்கெல்லாம் கிடையாது என்றார். மீறிப் போனால் திரும்பி வர வேண்டாம் என்றும் சொன்னார்.

மெஷினில் வந்து உட்கார்ந்தேன். கண்ணீர் கண்ணை மறைத்து, தையல் கோணிக்கொண்டு போனது. எங்கள் லைன் சூப்பர்வைசர் ஒரு சிங்கள அக்கா. வாய் கொஞ்சம் காரம். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"மொகத நங்கி, என்ன தங்கச்சி, ஏன் அழுவுற?"

"எங்க பெரியம்மா செத்துப் போச்சுங்க அக்கா. பொதைக்கிறதுக்குள்ள மொகத்த ஒருக்கா பாக்கணும். லீவு தரமாட்டேங்கிறாங்க."

என்னை எழுப்பிவிட்டு அவரே என் மெஷினில் உட்கார்ந்தார். "நீ போ. காய்ச்சல்னு நான் அனுப்புனேன். கேட்டா நான் பேசிக்கிறேன்."

பஸ் மலையேறி, நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடத் தயாராக இருந்தார்கள். வாய்க்கரிசி போட்டேன். வாய்விட்டு அழுதேன்.

நான் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே அதிகாரி லைனுக்கு வந்து விசாரித்திருக்கிறார். லீவு கேட்டு வந்தவளுக்கு அதற்குள் காய்ச்சலா என்று அவர் நம்பவில்லை, விஷயம் வெளியே வந்துவிட்டது. மறுநாள் இருவரையும் கூப்பிட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டு, இவள் கேட்கவே இல்லை, நான்தான் அனுப்பினேன் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டார். எனக்கு எச்சரிக்கையோடு போயிற்று. அவருக்கு சூப்பர்வைசர் வேலை போனது. வருஷக்கணக்காகத் தைத்துத் தைத்து ஏறிய இடம் அது. மறுபடி மெஷினுக்கே வந்தார், அதுவும் என் பக்கத்திலேயே. அவர் இடத்துக்குப் புது சூப்பர்வைசராக வந்த, அவரே பழக்கிவிட்ட பிள்ளை ஒன்று அவரையே அதட்டியது.

"மன்னிச்சுக்கங்க அக்கா" என்றேன்.

"பேசாம தை. டார்கெட் முடியல."

இப்போது என் வேலை நிரந்தரமாகிவிட்டது. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்ட நிம்மதியும் இருக்கிறது. ஆனாலும் பகல் சாப்பாட்டுக்கு அந்த அக்காவின் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம், அவர் வாயிலிருந்து பறித்ததைத்தான் தின்கிறேனோ என்று தோன்றுகிறது.