வேன் கவிழ்ந்தால் சாமான் யாருக்கு?

பார்சல் கந்தோரில் பொதி வந்து சேர்ந்தால் யாரும் நன்றி சொல்வதில்லை. சேராவிட்டால் நாங்கள்தான் கள்வர். கவுண்டருக்குப் பின்னால் நின்று ஏச்சு வாங்கிய உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பின்கதவு

ஒரு விடியற்காலை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் வேன் வெள்ளவத்தையில், கந்தோருக்குக் கூப்பிடு தூரத்தில் கவிழ்ந்தது. நான் ஓடிப்போனபோது பின்கதவு திறந்திருந்தது, பொதிகள் கைமாறிக்கொண்டிருந்தன. முன்கதவை யாரும் தொடவில்லை. உள்ளே சாரதி அன்ரனி அண்ணன் தோள் முறிந்து கிடந்தார். கூட வேலை செய்யும் ரிஸ்வான் நானாதான், "முதல்ல மனுசனை எடுங்க!" என்று கத்தினார். பெட்டியோடு போன ஒருவர் நின்று பதில் சொன்னார்: "அம்புலன்ஸுக்கு அடிச்சாச்சு தம்பி, ஆளை அவங்கள் எடுப்பாங்கள். இதை நாங்கள் எடுக்காட்டி வேற ஆராவது எடுத்திடுவாங்கள்."

தினமும் ஓர் அழைப்பு

காணாமற்போனவற்றில் ஒன்று கொட்டாஞ்சேனை மரியதாஸ் அங்கிளின் பொதி. துறைமுகத்தில் வேலை செய்தவர். சீனி வருத்தம் என்கிற நீரிழிவில் இடது காலை இழந்தவர். யாழ்ப்பாணத்தில் செயற்கைக் கால் செய்வித்திருந்தார். போடப்போகும் சப்பாத்தின் குதி உயரத்துக்கு ஏற்பத்தான் காலைச் செய்வார்களாம். அதனால் அவர் வாங்கி அங்கே அனுப்பியிருந்த புதுச் சப்பாத்தும் காலோடு அதே பெட்டியில் வந்தது. தினமும் போன் எடுப்பார். தினமும் "இன்னும் இல்லை அங்கிள்" என்பேன். ஒருநாள் கோபமே இல்லாமல் கேட்டார்: "பிள்ளை, எடுத்தவன் அதைப் போட்டுக்கொண்டு எங்க நடக்கப்போறான்?"

பத்திரமாக வைத்திருந்தவர்

அடுத்த வாரம், அடிக்கடி பொதி அனுப்ப வரும் அன்ரி ஒருவர் வளர்ந்த மகனோடு வந்து அந்தப் பெட்டியைக் கவுண்டரில் வைத்தார். "ரோட்டில கிடந்தது, பத்திரமா வச்சிருந்தனான். திறந்து பார்த்தால் ஒத்தைக் கால்! ஆருக்கு உதவும்?" என்றார். கால் இருந்தது. சப்பாத்துப் பெட்டி வெறுமையாக இருந்தது. மகனின் கால்களில் புதுக் கறுப்புச் சப்பாத்து. நான் பார்த்ததும் பின்னால் இழுத்துக்கொண்டான்.

கால் கிடைத்ததே போதும் என்று ரிஸ்வான் நானா கண்ணால் காட்டினார். எனக்குப் போதவில்லை. கவுண்டரை விட்டு வந்து வாசலை மறித்து நின்றேன். "கழட்டுங்கோ. அது இல்லாமல் அவர் சரியா நடக்கேலாது." வாசலை விட்டு நகரவில்லை. அவன் கழற்றினான். படியிறங்கும்போது அன்ரி திரும்பினார்: "வெறுங்காலோட என்ர பிள்ளையை ரோட்டில விடுறியே, உனக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இல்லையோ?"

வேன் கவிழ்ந்தால் எல்லாம் களவு போகும். மனச்சாட்சி மட்டும் அவரவரிடமே, பாவிக்காத புதுச் சாமானாய்ப் பத்திரமாக இருக்கும்.