டவருக்கு எதிராக ஒரு கையெழுத்து

புற்றுநோய்க்கு இத்தனை பயப்படும் மனிதர், தானே மூட்டும் புகைக்கு மட்டும் ஏன் பயப்படுவதில்லை? எனக்குத் தெரியவில்லை.

நேற்று காலை, ஊரப்பாக்கத்தில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் செல்போன் டவருக்கு எதிரான மனுவோடு வந்தார்.

“டவர் வந்தா கேன்சர் வரும் மேடம். ஒரு கையெழுத்து போடுங்க.”

அவர் வாசலில், தினமும் போல, பால் கவர்களும் பிளாஸ்டிக் பைகளும் எரிந்துகொண்டிருந்தன.

“அந்தப் புகையில என்ன வரும் சார்?”

“அது கொசுவுக்கு மேடம்.”

எதிர்வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி இருமிக்கொண்டே கத்தினார்: “இன்னாய்யா, நானும் கொசுவா? மூச்சு முட்டிகினு கீது!”

நெருப்பை அணைத்தால் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னேன். முறைத்துவிட்டுப் போனார்.

இன்று காலை அவர் வாசலில் புகை இல்லை. குப்பையை என் வாசலில் கொண்டுவந்து கொளுத்தியிருந்தார்.

“வூட்ல இருமுறாங்க மேடம், அதான்” என்றார், பேனாவை நீட்டியபடி.